உவர் பிடித்த சில்லு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்யவேண்டிய ஒரு வேலையைத் தட்டிக்கழிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். வேலை சின்னது. வல்வெட்டித்துறையில் என் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. அதன் முன்சில்லின் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நானோ மேசையில் இருந்து தொடக்கவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

"கடல் அன்று வழக்கத்தைவிட அமைதியாக" (வேண்டாம். கடலை வைத்துக் கதை தொடங்குகிறவனைக் கடலிலேயே தள்ளவேண்டும்.)

"நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் என்பது" (இது பாடப்புத்தகம். ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது. சொல்லித் தொலைக்கிறேன்.)

2

இந்தப் பிக்கப்புக்கு நாலு சில்லும் இழுக்கும்; ஆனால் தானாக இழுக்காது. மணலில் விடுமுன் சாரதி கீழே இறங்கி, இரண்டு முன்சில்லுகளின் குமிழையும் 'லொக்' பக்கம் திருப்பிப் பூட்ட வேண்டும். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி இறங்கி 'ஃபிறீ' பக்கம் விடவேண்டும். பக்கத்து வளவு ஜெயதீபன் இதைச் சலிக்காமல் செய்வான். படகைக் கடலுக்கு இறக்குவதும் கரைக்கு ஏற்றுவதும் அவனுக்கு இந்தப் பிக்கப்பால்தான்.

கடைசி நாளும் அப்படித்தான் செய்தான். குமிழ்களை லொக்கில் போட்டு, படகை இறக்கி, பிக்கப்பை மணலில் விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போனான். படகு மட்டும் வந்தது. (இந்த இடத்தைப் பெருக்கி எழுதச் சொல்லிக் கை கெஞ்சுகிறது. மாட்டேன். அவனை எனக்குப் பிடிக்கும்.)

பிக்கப்பை ஊர்ப் பெடியள் வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள். வலப்பக்கக் குமிழ் ஃபிறீக்கு விட்டுக்கொடுத்தது. இடப்பக்கக் குமிழ் அசையவில்லை. ஜெயதீபன் விட்ட இடத்திலேயே மாதக்கணக்காக நின்றது.

3

கோபிகா, ஜெயதீபனின் மனைவி. முதல் பிரதியில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அவளுடைய மாமியார் பராசக்தி, கீரிமலையில் மகனின் ஈமக்கிரியையான அந்தியேட்டியைச் செய்ய வருகிற வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார். உடல் கிடைக்காதவனுக்கு அந்தியேட்டி செய்வதென்றால், இனி அவன் வரமாட்டான் என்று வீட்டுக்காரியே ஒப்புக்கொள்வது. கோபிகா ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமியார் விடாமல் கேட்க, கடைசியில் முற்றத்தில் நின்ற பிக்கப்பைக் காட்டினாள்.

"உந்த லொக் திரும்பினால் நான் கீரிமலைக்கு வாறன் மாமி. திரும்பாட்டி, ஒருத்தரும் என்னோடை உந்தக் கதை கதைக்கக்கூடாது."

திரும்பினால் என்றாள். (குமிழும் திரும்பும், கடலுக்குப் போனவனும் திரும்புவான். குமிழ் திரும்பினால் இவன் திரும்பமாட்டான் என்றாகிவிடும். இதைப் பற்றி ஒரு பக்கம் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் மாமியாரின் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் எழுத வராது.)

4

நெல்லியடியிலிருந்து மெக்கானிக் பிரகலாதனைக் கூட்டிவந்தது நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மழைக்கு இருண்டிருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று குறடு ஒன்றை நீட்டினேன்.

"குறடு போட்டால் உடைஞ்சிடும் அண்ணை. உது கையாலைதான் திரும்ப வேணும்," என்றான்.

ஆணிகளைக் கழற்றி மூடியை இழுத்தான். உள்ளே பழைய கிறீஸ் காய்ந்து கட்டியாகி, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புதுக் கிறீஸை மெல்லிசாகத் தடவினான். அப்பிவிட்டால் அதுவே மறுபடி இறுக்குமாம். கையில் வைத்துத் திருப்பிக் காட்டினான். போத்தல் மூடிபோல லேசாகத் திரும்பியது. கோபிகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூட்டினான். லொக்கில் போட்டு வளவுக்குள் ஒருதரம் ஓட்டினான். இறங்கிவந்து ஃபிறீக்குத் திருப்பினான். குமிழ் வரவில்லை.

"ஓடினதாலை முறுக்கு நிக்குது. வாகனத்தைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் விட்டிடும்," என்று சொல்லிக்கொண்டே குனிந்து இன்னும் ஒருதரம் முயன்றான்.

"உவர் பிடிச்சிருக்கிறார்," என்றாள் கோபிகா, மெல்லிய குரலில்.

"ஓம் அக்கா, உவர்தான் பிடிச்சிருந்தது. எல்லாம் கழுவிட்டன்," என்றான் பிரகலாதன், தலை நிமிராமல். கடற்கரை வாகனங்கள் திருத்துகிறவன். உவர் என்றால் அவனுக்கு உப்பு.

"பொறுங்கோ தம்பி. உவர் கையை எடுக்கட்டும்."

பிரகலாதனின் விரல்கள் குமிழிலேயே நின்றன. உப்புக்குக் கை இல்லை.

5

(கதையை நிறுத்தி இதைச் சொல்லியே ஆகவேண்டும்.)

அச்சுத் தமிழில் இவரும் அவரும்தான் மிச்சம். எங்களிடம் நடுவில் ஒருவர் இருக்கிறார், உவர். நான் யாரோடு கதைக்கிறேனோ, அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர். இந்தக் கதையைத் திருத்தப்போகிறவர் அதை 'அவர்' என்று மாற்றினால், எங்கோ போன புருசனை நினைத்துப் புலம்பும் ஒரு பெண் கிடைப்பாள். 'இவர்' என்று மாற்றினால் அது நான். அவளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றவன். புருசனையும் அவள் இவர் என்றுதான் சொல்லுவாள், ஊரில் மற்றப் பெண்களைப் போல. அன்றைக்கு உவர் என்றாள்.

பிரகலாதனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அவன் எழும்பிக் கையைத் துடைத்தான். "வேலை முடிஞ்சுது அண்ணை. பின்னுக்கு எடுத்துப்போட்டுத் திருப்பினால் சரி. நான் வாறன்," என்றவன் சாமான் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். கோபிகாவே ஏறிப் பிக்கப்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாள். இறங்கிவந்து என்னைப் பார்த்தாள்.

"நான் திருப்பினால் நானே இவரை அனுப்பினமாதிரி. மாமியும் மாட்டா. நீங்கள் ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ அண்ணை."

"நாளைக்கு வாறன் பிள்ளை," என்றேன். பயந்துவிட்டேன். வேறொன்றுமில்லை.

6

இன்று வியாழக்கிழமை. முடிவுகள் தயாராகத்தான் இருக்கின்றன.

ஒரு முடிவில் குமிழ் திரும்புகிறது. கோபிகா கீரிமலைக் கேணியில் முழுகி எழும்புகிறாள், அதன் பிறகு (அதன் பிறகு அவள் வாழ்க்கை அவளுக்கு. நல்ல முடிவு. அதை எழுதினால் ஜெயதீபனைக் கொன்றது நானாகிவிடும்.)

மற்றதில் குமிழ் அசையவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே கிழவியாகி (இது அவளை உயிரோடு பூட்டிவைப்பது. மாட்டேன்.)

இந்த இடத்தில் போன் அடித்தது. கோபிகா.

"அண்ணை, வரேல்லையோ? மாமி கேக்கிறா."

"எழுதிக்கொண்டிருக்கிறன் பிள்ளை. முடிச்சிட்டு வாறன்."

"ஓம். எழுதுறியள் எண்டு உவர் சொன்னவர்," என்று வைத்துவிட்டாள்.

அறையில் என்னைத் தவிர ஒருவரும்

(இந்த வசனத்தை முடிக்க நான் திரும்பிப் பார்க்கவேண்டும். பார்க்கப்போவதில்லை. எழுதுகிற பக்கத்திலேயே கண்ணை வைத்திருக்கிறேன்.)

7

ஆகவே இது உங்கள் பாடு. வாசல் படலை பூட்டியில்லை. பிக்கப் முற்றத்தில் நிற்கிறது, இடப்பக்க முன்சில்லு. பிரகலாதனின் வேலையில் பிழையில்லை. நாளை விடிந்தால் கார் வந்து வாசலில் நிற்கும். ஏறுவதா விடுவதா என்று அந்தப் பெண்ணுக்கு ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

குறடு வேண்டாம், கையாலேயே பாருங்கள். அவசரப்படவேண்டாம். திருப்புமுன் ஒருதரம் பக்கத்தில் பாருங்கள், உவர் கையை எடுத்துவிட்டாரா என்று.