தொட்டியின் அடியில் கிடந்தது

அப்பாவின் சவப்பெட்டியை மூட இன்னும் அரைமணித்தியாலம்தான் இருந்தது. தோட்டவெளிக் கிராமத்து வீட்டின் பின்புறத்தில் மோட்டர் வெறுங்காற்றை இழுத்து இரைந்தது.

"தொட்டியில தண்ணி முடிஞ்சுது மச்சாள்," என்றாள் அண்ணன் மனைவி மாக்கிறட்.

பிரஷாந்தி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் முற்றாக முடியவில்லை. குழாய்க்கு எட்டாமல் அடியில் நாலு விரல் தண்ணீர் கிடந்தது. அப்போதுதான் ஆலையின் தொட்டி அவளுக்கு நினைவு வந்தது.

அவளுக்கு வேலை ஐரோப்பாவில். உலையில் எரிந்த அணு எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கிற ஆலை அது. குண்டு செய்ய ஒருவரும் அதைக் களவாக எடுத்துவிடக் கூடாதென்று தொட்டி தொட்டியாக அளந்து எழுதுவதுதான் அவள் தொழில். தொட்டியை வெறுமையாக்கினாலும் அடியில் தங்குவதை அளந்தே ஆகவேண்டும். அப்பா செத்த செய்தி கேட்ட அன்று அவள் அளக்கவில்லை. பூச்சியம் என்று போட்டு, அடுத்த ஷிப்டுக்கு வந்த றொபேட்டிடம் கொடுத்துவிட்டு விமானமேறினாள். பாவி, ஐந்து நிமிட வேலை!

விடத்தல்தீவுப் பொடியன் றொபேட். வேலை போனால் விசாவும் போய்விடும். நேற்று போன் எடுத்து, "கணக்கில கொஞ்சம் குறையுது. என்ர ஷிப்டிலதான் பிடிபட்டது, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு விசாரணை. நீங்கள் யோசிக்காதேங்கோ அக்கா," என்றான். அங்கே பத்தென்றால் இங்கே ஒன்றரை. இப்போது ஒன்று பத்து.

அவனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போகிறவர்கள் போனை வாசலில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் மனைவி மதுஷிகாவுக்கு எடுத்தாள்.

"பிழை விட்டது நான். அடியில கிடந்ததை அளக்கேல்லை. கெதியா ஆலை வாசலுக்குப் போய்ச் சொல்லு."

இனி வாசலுக்குப் போய்ப் பயனில்லை என்றாள் மதுஷிகா.

"எட்டு மணிக்கே கூப்பிட்டிட்டினம் அக்கா. தான்தான் பிழையா அளந்தனான் எண்டு கையெழுத்து வைச்சிட்டாராம். ஆலைக் கந்தோர் போனில எடுத்துச் சொன்னவர். தகப்பனை அடக்கிற நாளில அக்காவைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு..."

"நான் உண்மையை எழுதுறன்."

"இனி ஆர் நம்புவினம்? ரெண்டு பேரும் ஒரே நாட்டு ஆக்கள், சேர்ந்து களவெடுத்திட்டினம் எண்டுதானே சொல்லுவினம்."

ஆலையில் அந்தத் தொட்டியை இதற்குள் மறுபடி நிரப்பியிருப்பார்கள். அடியில் கிடந்ததைக் காட்ட இனி வழியில்லை. கடவுளே, என்ன செய்துவிட்டேன்.

"பெட்டி மூடப் போறம், கடைசியா முகத்தைப் பார்க்க வாங்கோ மச்சாள்," என்று மாக்கிறட் கூப்பிட்டாள்.

பிரஷாந்தி தொட்டி விளிம்பில் குந்தி, ஆலைக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாள். அன்று அப்பாவுக்காக அளவை விட்டாள். இன்று உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டபோதும் அவள் எழுந்து போகவில்லை.