இரு தரப்பும் வரவில்லை

திருமணப் பதிவு அலுவலகத்துப் பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, கடைசித் தாளை மட்டும் உருவி மேசையில் தனியாக வைத்தாள்.

"இது மனு போட்டதோட நகல்ம்மா. விவாகரத்துத் தீர்ப்பு எங்க?"

பெரியவளுக்குக் கேள்வியே முதலில் விளங்கவில்லை. வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பெயர், தங்கை சின்னவள். பெரியவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வாசலில் ஏறும் ஆள் படியை எப்படித் தடவுகிறார் என்று பார்த்தே, பழைய கண்ணாடி இவருக்குப் போதவில்லை என்று சொல்லிவிடுவாள். ஆனால் இத்தனை வருடம் பீரோவில் சேலைக்கு அடியில் பத்திரப்படுத்திய இந்தத் தாளை அவள் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. மேலே நீதிமன்ற முத்திரை இருந்தது. கீழே அவள் கையெழுத்தும் பழைய கணவர் கையெழுத்தும் இருந்தன. அது போதும் என்று மடித்து வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் தாளை வாங்கிப் பார்த்தார். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. சாப்பிடும்போது எதிரே ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று, சுற்றி வளைக்காமல், கண்ணாடியைப் பழுது பார்க்க வந்த இடத்தில் கேட்டவர். அந்த எதிர் நாற்காலிக்குப் பெரியவள் மனதுக்குள் சம்மதித்து வெகு நாளாகியிருந்தது. மாதக் கடைசியில் பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு. அதற்கு அவர் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நகல்தானே, வாங்கிடலாம். கோர்ட்டு எங்க ஓடிடப் போகுது" என்றார் டிரைவர்.

கோர்ட்டு ஓடவில்லை, இடம் மாறியிருந்தது. பழைய கட்டடத்தில் இப்போது சிவில் வழக்குகள் மட்டும்தான், குடும்ப வழக்குகள் எல்லாம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டன என்று வாசற்காவலர் சொன்னார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால், பழைய கட்டுகள் இன்னும் இங்கே வந்து சேரவில்லை, பழைய கட்டடத்துப் பதிவறையில்தான் இருக்கின்றன என்றார்கள். பெரியவள் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி நடந்தாள்.

விசாரணை ஜன்னலில் வழக்கு எண் கேட்டார்கள். தெரியாது. வருடம் கேட்டார்கள். அதுவும் சட்டென்று வரவில்லை. வாடகை வீடு மாறியதற்கு அடுத்த வருடமா, சின்னவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருடமா என்று விரல் மடக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். வக்கீலைக் கேளுங்கள் என்றார்கள். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார்; அவர் அலுவலகம் இருந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். வக்கீலா, எந்த வக்கீல் என்று கடைப் பையன் அவளையே திருப்பிக் கேட்டான்.

கடையில் அடிக்கடி விடுப்புக் கேட்க முடியாததால் ஒருநாள் சின்னவளை அனுப்பினாள். சின்னவள் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"கூடப் பிறந்தவளுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களாம்க்கா. கூட வாழ்ந்தவங்கதான் வரணுமாம். இல்லன்னா நீ கையெழுத்துப் போட்டு அதிகாரம் குடுக்கணுமாம். அந்த ஊமைக்கோட்டான் போனா உடனே குடுப்பாங்க, நான் போனா கிடையாது. நல்லா இருக்கு நியாயம்."

ஊமைக்கோட்டான் என்பது பெரியவளின் பழைய கணவருக்குச் சின்னவள் வைத்த பெயர். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பேசியதும் இல்லை.

அதன் பிறகு பெரியவளே போனாள். பதிவறை எழுத்தருக்குத் தீராத ஜலதோஷம். தூசிக்குப் பயந்து மூக்கைக் கைக்குட்டையால் கட்டியிருந்தார். கூரை வரை இரும்பு அலமாரிகள், துணியில் கட்டிய மூட்டைகள், அவற்றில் தொங்கும் அட்டைகள். ஊரில் உள்ள அத்தனை வீட்டு வழக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக மூச்சு முட்டிக் கிடப்பது போலிருந்தது. நகல் கேட்கும் மனுவை அவள் எழுதிக் கொடுத்தாள். எண் இல்லாமல் தேடுவதென்றால் பெயர் வரிசையில்தான் பார்க்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்றார் எழுத்தர். மத்தியானம் போனபோது நாளைக்கு என்றார். மறுநாள் அவள் பெயரில் தேடியாயிற்று, இல்லை என்றார். கணவர் பெயரில் தேடினார். முந்திய வருடம் பார்த்தார், பிந்திய வருடம் பார்த்தார். கடைசியில் அவள் மனுவின் மூலையில் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: அப்படி ஒரு தீர்ப்பு பதிவில் இல்லை.

அந்தத் தாளோடு அவள் நேரே வீட்டுக்குப் போகாமல் சின்னவள் வீட்டுக்குப் போனாள். சின்னவள் துணி மடித்துக்கொண்டே இரண்டு முறை படித்தாள்.

"நீ தீர்ப்பைக் கேக்கற, அவங்க இல்லங்கறாங்க. கேஸ் என்ன ஆச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. முடிந்துபோன விஷயத்துக்கு நகல் மட்டும்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் வேறு எதைக் கேட்பாள்?

மறுபடி போனாள். தீர்ப்பு வேண்டாம், மனு பதிவான புத்தகத்தில் தேடுங்கள் என்றாள். எழுத்தர் முனகிக்கொண்டேதான் எடுத்தார், ஆனால் எடுத்தார். மனுப் புத்தகத்தில் இருவர் பெயரும் ஒரே வரியில் இருந்தன. அந்த எண்ணை வைத்து மூட்டையை அவிழ்த்து மெல்லிய கட்டு ஒன்றை உருவி, இங்கேயே நின்று பாருங்கள், வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நீட்டினார்.

இருவரும் சம்மதித்துப் போட்ட மனு. நீதிபதி முன் இருவரும் சொன்னது. யோசித்துப் பார்க்கச் சில மாத அவகாசம். பிறகு ஒரு வாய்தா தேதி. அந்தத் தேதிக்கு நேரே யாரோ சாய்வான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: இரு தரப்பும் ஆஜராகவில்லை. அடுத்த வாய்தா. அதற்கு நேரேயும் அதேதான். பிறகு கடைசி வரி: மனு தள்ளுபடி.

அவள் மறுபடி படித்தாள். கண் பழுது என்று சொல்ல வழியில்லை. எழுத்து தெளிவாகவே இருந்தது.

"அப்படின்னா?" என்று எழுத்தரைக் கேட்டாள்.

"அப்படின்னா விவாகரத்து ஆகலம்மா" என்றார் அவர் தும்மலுக்கு நடுவே. "நீங்க ரெண்டு பேரும் இன்னும் புருஷன் பொண்டாட்டிதான்."

அந்த முதல் வாய்தா நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அடுத்த வாய்தா என்று ஒன்று இருந்ததே தெரியாது. கடையில் புதுச் சரக்கு இறங்கிய நாள். கடைசியில் ஒரு வார்த்தை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்கு ஒருவர் போனால் போதும், கணவர் போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் என்ன நினைத்திருப்பார் என்பதும் அவளுக்கு இப்போது கேட்காமலே தெரிந்தது.

அவர்கள் குடித்தனமே அப்படித்தான் நடந்தது. அடுப்புக்குச் சிலிண்டர் தீர்ந்தால் புதிதுக்கு அவர் சொல்லியிருப்பார் என்று அவள் இருப்பாள், அவள் சொல்லியிருப்பாள் என்று அவர் இருப்பார். இருவரும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பார்கள். ஒருமுறை குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டியது. இருவரும் ராத்திரி விழித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் பழி போடக்கூட வாய் திறக்கவில்லை. அடித்துக்கொண்டு பிரிந்தவர்களுக்காவது பிரிவதில் ஒரு முனைப்பு இருக்கும். இவர்கள் அதையும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தார்கள்.

அவர் எண் மாறவில்லை. போனை எடுத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏதோ கட்டடத்தில் இருந்தார் போலும். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது.

"நீ போயிருப்பன்னு நினைச்சேன்" என்றார்.

"நீங்க போயிருப்பீங்கன்னு நான் நினைச்சேன்."

"சரி. இப்ப என்ன செய்யணும்?"

மறுபடி மனுப் போட வேண்டும், மறுபடி இருவரும் வர வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' அவளுக்குத் தெரிந்த பார்க்கலாம். போனை வைத்துவிட்டு, கோர்ட்டு வாசல் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. கால்தான் வலித்தது.

டிரைவரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. டிப்போ எதிரே டீக்கடையில் வைத்துச் சொன்னாள். அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இத்தனை நாளா இன்னொருத்தர் பொண்டாட்டி கூட டீ குடிச்சிட்டு இருக்கேன்."

சிரிப்பாக்கத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு ஒட்டவில்லை. வேண்டாமென்றால் விட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை என்றாள் அவள். அது பொய் என்பது இருவருக்கும் தெரிந்தது. மாதக்கடைசி விடுப்பை ரத்து செய்வதாகச் சொல்லி அவர் எழுந்து பஸ் எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு சில நாள் பேச்சில்லை. எதிர் நாற்காலி போய்விட்டது என்றே அவள் தீர்மானித்துக்கொண்டாள். கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி, எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் டிரைவர் கடைக்கு வந்தார்.

"உங்க லிஃப்ட்காரர் வீடு எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"தேதிக்கு அவரை நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். உங்க ரெண்டு பேரையும் நம்பி விட்டா நான் கிழவனாயிடுவேன்."

அப்படித்தான் நடந்தது. புது வக்கீலம்மா புது மனுவைப் போட்டார். தேதியன்று லிஃப்ட்காரர் வீட்டு வாசலில் விடியும்போதே போய் நின்ற டிரைவர், அவர் சட்டை மாற்றும் வரை காத்திருந்து கையோடு அழைத்து வந்துவிட்டார். கோர்ட்டு வராந்தாவில் ஒரே பெஞ்சில் ஒரு கோடியில் பெரியவள், மறு கோடியில் லிஃப்ட்காரர், நடுவில் டிரைவர். உனக்கு வரப்போகிறவரும் உனக்கு இருக்கிறவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று கூட வந்திருந்த சின்னவள் காதோடு கேட்டாள். மச்சான், சகலை, சம்பந்தி என்று அத்தனைக்கும் பெயர் வைத்தவர்கள் இதற்கு ஒன்று வைக்காமல் போய்விட்டார்களே என்று குறைப்பட்டாள். அந்த இருவருக்கும் அந்தக் கவலை இல்லை. சார், சார் என்று சொல்லிக்கொண்டு, புதுப் பஸ்களில் கதவு சிக்கிக்கொள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பெரியவள் கேட்டதில்லை.

பெயர் கூப்பிட்டதும் இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். நீதிபதி அவளை ஒரு கேள்வி கேட்டார், அவரை ஒரு கேள்வி கேட்டார். தலை நிமிராமலே எழுதினார். அவகாசம் கொடுத்து, அடுத்த தேதி சொன்னார்.

வெளியே வந்ததும் முடிந்ததா என்று டிரைவர் கேட்டார். இன்னொரு முறை இருவரும் வர வேண்டும், அதோடு சரி என்றாள் பெரியவள். டிரைவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, அன்றைக்கு உங்களுக்கு விடுப்புக் கிடைக்குமா சார் என்று கேட்டார்.

"பாக்கலாம்" என்றார் லிஃப்ட்காரர்.

படியில் இறங்கிக்கொண்டிருந்த பெரியவள் நின்றாள்.

"பாக்கலாம் இல்ல. நீங்க வரணும். நீங்க வந்தாதான் எனக்கு வேற வாழ்க்கை இருக்கு. வர முடியாதுன்னா அதை இப்பவே என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட இருந்த காலமெல்லாம் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. லிஃப்ட்காரர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வர்றேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "யாரும் வந்து கூப்பிட வேணாம். நானே வர்றேன்" என்றார்.

நால்வரும் கூட்டத்தோடு வாசலுக்கு வந்தார்கள். லிஃப்ட்காரர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன இருந்தாலும் அன்றைக்குக் காலையில் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றார் டிரைவர். வேண்டாம், விடுங்கள் என்றாள் பெரியவள். லிஃப்ட்காரர் சொன்னதை நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்தத் தேதிக்குத் தான் வரப்போவது மட்டும் தெரியும்.