எதிரே வந்த ஓட்டோ

மண்முனைப் பாலத்தின் நடுவில் பொனற் மூடியைத் திறந்தபடி நின்ற வெள்ளைக் காரைத் தூரத்திலேயே தக்ஷாயினிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முன்பக்கத்தில் மல்லிகைச் சரம், கண்ணாடியில் ரோஸ் ரிப்பன். பக்கத்து வளவு அன்னப்பூரணி மாமியின் மகன் நிலோஜனுடைய மாப்பிள்ளைக் கார். தன் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தாள். வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கே அவள் செட்டிபாளையத்தை விட்டு வெளிக்கிட்டதே இந்தக் காருக்கு எதிரில் பட்டுவிடக்கூடாது என்றுதான். "மாப்பிள்ள வெளிக்கிடுற நேரம் நீ முன்னுக்கு நிக்காத மகள், குறை நினைக்காத" என்று முந்தினநாள் பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து மாமி சொல்லியிருந்தாள். புருஷன் டெங்குக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்ச்சேர்ந்த பிறகு, இந்த ஐந்து வருஷத்தில் குறை நினைக்காமல் இருப்பதில் தக்ஷாயினிக்கு நல்ல பயிற்சி வந்திருந்தது. அக்கரையில் படுவான்கரைப் பக்கம் இரண்டு ஹயர் சவாரி ஓடி முடித்து, இவர்கள் இதற்குள் பெண்வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பினால், நடுப்பாலத்தில், நேருக்கு நேர் வந்து நிற்கிறாள்.

காரை ஓட்டிவந்த மாமியின் மருமகன் ஜெயரூபன் இரண்டு கையையும் உயர்த்தி மறித்தான். இனி நிற்காமல் போக முடியாது. இறங்கிப்போய் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தாள். பெல்ற் அறுந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. றேடியேற்றர் கொதித்துச் சீறிக்கொண்டிருந்தது.

"இனி இது அசையாது அண்ணன். கட்டித்தான் இழுக்கோணும்."

சனம் ஏறிய வேன் முன்னாலேயே போய்விட்டது. அங்கே மேளச் சத்தத்தில் ஒருவரும் போனை எடுக்கிறார்கள் இல்லை. முகூர்த்தம் ஒன்பது பத்துக்குத் தொடங்கி ஒன்பது ஐம்பதோடு முடிகிறது. இப்போது எட்டரை. மாமி காரின் பின்புறத்திலிருந்து வந்து, வாவியைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தலைப்பாகையும் வியர்வையுமாக நிலோஜன் உள்ளே இருந்தான். தக்ஷாயினியின் புருஷனுடைய சைக்கிள் பாரில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவன் அவன். அவளைக் கண்டதும் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஏறுங்க மாமி, நான் கொண்டு விடுறன். இருவது நிமிசம்" என்றாள். பின்சீற்றை அவசரமாகத் துடைத்தும் விட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன். மகனின் கலியாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளை இன்றைக்குப் பிறகாவது மாமி முன்வாசலால் கூப்பிடுவாள், சபையில் இருத்தி ஒரு வெற்றிலை கொடுப்பாள் என்று துடைக்கத் துடைக்க நினைத்துக்கொண்டாள்.

ஜெயரூபன் பிடரியைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"தங்கச்சி, சாவியத் தாங்க. நான் ஓட்டுறன்."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மாமியே விளக்கினாள். "நீ எனக்கு மகள் மாதிரித்தான். எண்டாலும் மாப்பிள்ளைக்கு முன்னுக்கு நீ இருந்து போறது… விளங்கும்தானே. காரும் பூட்டுச் சரியில்ல, ஆராவது நிக்கோணும்."

மகள் மாதிரி என்று தொடங்குகிறவர்கள், மகளுக்கு ஒருநாளும் செய்யாத ஒன்றைத்தான் அடுத்ததாகச் செய்வார்கள். தக்ஷாயினி சாவியைக் கொடுத்தாள். புருஷன் போனபின் வேறொரு கை படாத வண்டி அது. அதோடு முடியவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த புருஷனுடைய சின்னப் படத்தை மாமி நகத்தால் கிளப்பி எடுத்து அவளுடைய கையில் வைத்தாள். காரில் இருந்த தேசிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டோவின் முன்சில்லுக்குக் கீழே வைத்தாள். கார் புறப்படும்போது நசுக்கியது போக மிஞ்சியது. தேசிக்காய் நசுங்க, ஓட்டோ மாப்பிள்ளையோடு போனது. தக்ஷாயினியின் கண்ணூறைத் தக்ஷாயினியின் வண்டியிலிருந்தே கழித்துவிட்டுப் போகிறார்கள்.

பாலத்தில் நிழல் இல்லை. வாவிக்குள் தோணிக்காரர் இரண்டுபேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். போகிற வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் மாப்பிள்ளைக் காரையும் அதற்குக் காவல் நிற்கிற பெண்ணையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அழுகை வந்தது. றோட்டில் நின்று அழுவது வெட்கம் என்று அடக்கிக்கொண்டாள். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. மாமி.

"மகள், டிக்கிக்குள்ள தட்டம் கிடக்கு. தாலியும் கூறையும். நீ வாறதக் கண்டோடன உன்ர கண்ணில படப்படா எண்டு நான்தான் உள்ளுக்கு வெச்சனான். வெளிக்கிட்ட அந்தரத்தில மறந்திற்றன்." மூச்சு வாங்கியது. "நீ டிக்கியத் திறக்காத. கிட்டவும் போகாத. மருமகன் வாறார்."

அவள் டிக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தின் கைபிடிச் சுவரோடு போய் நின்றாள். சொன்னதைச் செய்கிற பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குள் உடுப்பு விற்க வருகிற காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஹில்மி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன ராத்தா, வெயிலுக்குள்ள?" என்றான். விஷயத்தைக் கேட்டதும், "நீங்க அங்கால நில்லுங்க, நானே எடுக்கிறன். கால் மணித்தியாலத்தில கொண்டு குடுத்திருவன்" என்றான். அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமிக்குப் போன் எடுத்தாள்.

"அவன்ட கையிலயா? உனக்கென்ன விசரா? ஒருத்தரும் தொடவேணாம். நானும் மருமகனோட வந்துகொண்டுதான் இரிக்கன்."

மாமியின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கிற குரல். ஹில்மி மூட்டையைச் சரிபார்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது இருபதுக்குத் தன் ஓட்டோ கதறிக்கொண்டு வருவது அவளுக்குக் கேட்டது. ஜெயரூபன் கியரை மாற்றத் தெரியாமல் எஞ்சினை உறுமவிட்டு ஓட்டிவந்தான். வண்டி நிற்கமுன்பே மாமி குதித்து ஓடி டிக்கியைத் திறந்தாள். தட்டம் அப்படியே இருந்தது. அவசரமாக உள்ளே வைத்ததில் மூடியிருந்த சிவப்புப் பட்டு சறுக்கி, ஒரு மூலை மடிந்து கிடந்தது. அதைக் கண்டதும் மாமி அசையாமல் நின்றாள். பிறகு தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தக்ஷாயினியிடம் வந்தாள்.

"நீ பாத்தயா?"

வெயிலில் நின்றாயே என்று கேட்கவில்லை. தண்ணி குடித்தாயா என்று கேட்கவில்லை. பழைய தக்ஷாயினியிடம் 'இல்ல மாமி' என்கிற பதில் வாய்க்குள்ளேயே இருந்தது. அதுதான் உண்மையும்கூட. அதைச் சொன்னால் இருபது நிமிஷத்தில் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும், எல்லாரும் சாப்பிடுவார்கள், பந்தி முடிந்தபின் இவளுக்கும் ஒரு பார்சல் பின்வாசலால் வரும்.

"ஓம் மாமி. திறந்து பாத்தன்."

மாமி தட்டத்தோடு ஓர் அடி பின்வாங்கினாள்.

"ஆசையா இருந்திச்சு. எடுத்து என்ர கழுத்திலயும் வெச்சுப் பாத்தன்" என்று நிதானமாகச் சொன்னாள்.

"மாமி, ஏறுங்க. நேரம் போகுது" என்று ஜெயரூபன் ஓட்டோவுக்குள்ளிருந்து கத்தினான். மாமி ஏறவில்லை. தட்டத்தைக் காருக்குள் திரும்ப வைக்கவும் இல்லை. உடம்பிலிருந்து எட்டப் பிடித்தபடி நடுறோட்டில் நின்றாள். அவளுடைய கண் ஓட்டோவுக்கும் தக்ஷாயினிக்கும் நடுவில் ஓடி ஓடி வந்தது. பெண்வீட்டில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு இவர்கள் ஒருவரையும் இன்னும் சரியாகத் தெரியாது.

வாவியிலிருந்து காற்று எழுந்தது. மடிந்து கிடந்த மூலைக்குள் புகுந்து பட்டைத் தூக்கியது. மாமிக்குப் பிடிக்க ஒரு கையும் மிச்சம் இல்லை. பட்டு பறந்துபோய்ப் பாலத்தின் மறுபக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டது. மடித்த கூறையின் மேல், மஞ்சள் குங்குமத்துக்கு நடுவில், புதுத் தாலிக்கொடி வெயிலில் கிடந்தது. தக்ஷாயினி அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மாமி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயரூபன் ஓட்டோவின் ஹோர்னை விடாமல் அடித்தான். தக்ஷாயினி தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.