பக்கக் கதவு இல்லாத டிரெய்லர்

அந்தக் கறுப்பு டிரெய்லர் பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பான் டெல்பர்ட். ஏன் என்று எனக்குத் தெரியாது. காரணம் இல்லாமல் என் புருஷனிடம் வாதாடி நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நாளாவது மூடாமல் இருந்திருக்கலாம்.

மொன்டானாவில் முதல் பனி விழப்போகிற வாரம் அது. மலைக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவாட்டில் தொட்டி மாட்டி ஓட்டுகிற சைடுகார்க்காரர்கள் வருஷா வருஷம் கூடுகிற கூட்டத்துக்கு நாங்கள் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து டெல்பர்ட் மோட்டார் சைக்கிளை ஓட்டுவான், நான் பக்கத்துத் தொட்டியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வருவேன். இந்த வருஷம் அவனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. பாதி வழிகூட ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, பிக்கப் லாரிக்குப் பின்னால் இழுக்கிற டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல முறைத்தான்.

எங்கள் கூட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த முறைப்பு புரியும். பனியில் வந்தாலும் மழையில் வந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ஏற்றிக்கொண்டு வந்தவனை அங்கே உரித்துத் தொங்கவிடுவார்கள். போன வருஷம் ஒருத்தன் திறந்த டிரெய்லரில் வந்து இறங்கினான். "என்னப்பா, உன் வண்டிக்குக் காலு வலியா?" என்று கேட்டு மூன்று நாளும் அவனைச் சாப்பிட விடவில்லை. அதில் டெல்பர்ட்டின் குரல்தான் உயர்ந்து கேட்டது.

ஆக, அவனுக்கு வேண்டியது வண்டியை ஏற்ற ஒரு டிரெய்லர் அல்ல. ஒளித்துவைக்க ஒரு பெட்டி. கூட்டம் நடக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், யாரும் இல்லாத காட்டுப் பாதையில் இறக்கி, அங்கிருந்து தடதடவென்று ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். இதுதான் திட்டம். வயது அறுபத்தெட்டு.

டிரெய்லர் விற்கிற கார்வின் சாதுவான மனிதன். எங்களை முதலில் ஓர் அகலமான திறந்த டிரெய்லரிடம் கூட்டிப்போனான்.

"சைடுகாருக்கு இதுதான் லாயக்கு. மூணு சக்கரமும் தாராளமா ஏறும். நாலு பக்கமும் நின்னு பெல்ட்டு போட்டுக் கட்டலாம்."

"ஊரே பாக்கும்," என்றான் டெல்பர்ட்.

"பாத்தா என்ன, கண்ணு பட்டுருமா?" என்றேன்.

"நீ சும்மா இரு, ஆர்டிஸ்."

அடுத்தது ஒரு வெள்ளைப் பெட்டி. பின்னால் கீழே மடங்குகிற பெரிய கதவு, அதுவே வண்டி ஏறுகிற சரிவுப் பலகை. வலது பக்கம் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. டெல்பர்ட் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்குத் தொட்டி வலது பக்கம். வண்டி உள்ள போனா தொட்டிதான் அந்தக் கதவை அடைச்சுக்கிட்டு நிக்கும். நான் இடது செவுத்தோரம் கெடப்பேன். அப்புறம் அந்தக் கதவு எனக்கு எதுக்கு? குளிர்காத்து உள்ள வரவா?"

"கதவு வெளிப்பக்கம் தொறக்கும் டெல்பர்ட். தொட்டி இருந்தாலும் தொறக்கும்," என்றான் கார்வின்.

"தொறந்து யாரு வரப்போறா?"

கார்வின் அடுத்ததற்கு நடந்தான். இப்படித்தான் நாங்கள் அந்தக் கறுப்புப் பெட்டியிடம் வந்து சேர்ந்தோம். பக்கக் கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, கூரையில் காற்றுத் துவாரம்கூடக் கிடையாது. சரிவான முற்றத்தில், பின்கதவு சரிவின் கீழே பார்க்க, எந்த பிக்கப்பிலும் மாட்டாமல், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல் வைத்து நிறுத்தியிருந்தது. சரிவின் கீழே கான்கிரீட் கட்டைகளை அடுக்கி ஒரு தடுப்பு. காற்றில் பனியின் வாசனை வந்துவிட்டது.

"ஏத்திப் பாக்கறேன்," என்றான் டெல்பர்ட்.

"பிக்கப்புல மாட்டிட்டு ஏத்துங்க. அதான் முறை," என்றான் கார்வின்.

"எடம் பத்துதான்னு பாக்கறதுக்கு என்னத்த மாட்டறது? ஒரு நிமிஷ வேலை."

வீட்டிலிருந்து அந்தக் கொஞ்ச தூரத்துக்கு வண்டியை அவனே ஓட்டி வந்திருந்தான். நான் பிக்கப்பில் பின்னால் வந்தேன். வந்ததும் பிக்கப் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என்னிடம் இருந்தால் தொலைத்துவிடுவேனாம்.

சரிவுப் பலகையில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. உள்ளே போய் நின்றதும் அவன் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. வலது பக்கம் தொட்டி சுவரை ஒட்டி நின்றது. இடது சுவருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. எங்கள் வண்டியை உதைத்துக் கிளப்புகிற கம்பி இடது பக்கம் வெளியே நீளும். அந்த இடுக்கில் உதைக்கவே முடியாது. உள்ளே இன்ஜின் நின்றுவிட்டால், தொட்டியும் கனமுமாக அதை ஓர் ஆள் தள்ளி இறக்கவும் முடியாது. அதனால் சைடுகார்க்காரன் பெட்டிக்குள் இன்ஜினை அணைக்க மாட்டான், இந்த வண்டிக்கென்று இருக்கிற ரிவர்ஸ் கியரைப் போட்டுத்தான் வெளியே வருவான். புகை வெளியே போகக் கதவு திறந்திருக்கிற வரைக்கும் அதில் ஒரு தப்பும் இல்லை.

"கார்வின், கதவைச் சாத்திப் பாரு! ஸ்பேர் வீல் இடிக்குதா?"

"இன்ஜினை நிறுத்து மொதல்ல!" என்று கத்தினேன்.

"நிறுத்தினா உங்கப்பனா வந்து கெளப்புவான்? ஒரு நொடி சாத்து, போதும்!"

கார்வின் என்னைப் பார்த்தான். பிறகு கதவைத் தூக்கிச் சாத்தித் தாழைப் போட்டான். உள்ளே சத்தம் மாறியது. ரிவர்ஸ் விழுகிற சத்தம் எனக்கு உறக்கத்திலும் தெரியும். இன்னும் எவ்வளவு பின்னால் வரலாம் என்று அளக்கிறான் மடையன். வண்டி கதவில் முட்டியது. அந்த உதைப்பில் டிரெய்லர் கல்லைத் தாண்டிக் குதித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகியிருக்காவிட்டால் நசுங்கியிருப்போம். அது சரிவில் உருண்டு, கான்கிரீட் தடுப்பில் கதவுப் பக்கமாக மோதி நின்றது. ஒரு விரல்கூட நுழைய இடமில்லை.

"டெல்பர்ட்!"

"ஒண்ணுமில்ல. காலு மாட்டிக்கிச்சு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கதவைத் தொறங்க."

"தொறக்க முடியாது! செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குது! இன்ஜினை நிறுத்து!"

"நிறுத்தினா எப்படி எறக்கறது? முன்னால இழுங்க, நான் வந்துடறேன்."

பிக்கப் அங்கேயே நின்றது. சாவி அவன் சட்டைப் பையில். கார்வின் டிராக்டர் கொண்டுவரக் கொட்டகையை நோக்கி ஓடினான். நான் தகரத்தைக் கையால் குத்தினேன். அழுதேன், கெஞ்சினேன், அவன் அம்மாவை இழுத்துத் திட்டினேன். இன்ஜின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல டியூனிங், போன வாரம்தான் செய்திருந்தான்.

"டெல்பர்ட், பேசு!"

"தலை வலிக்குது," என்றான். கொஞ்சம் கழித்து, "ஆர்டிஸ், இருட்டா இருக்கு," என்றான். அதற்கப்புறம் இன்ஜின் மட்டும்தான் பேசியது.

கார்வினின் விறகுக் குவியலில் கோடாலி குத்தி நின்றது. அதை எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை. ஹெட்லைட் எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், வண்டிச் சாவித் துவாரம் அதன் தலையில். அவன் ஒட்டி உட்கார்ந்திருந்த இடது பக்கம், அந்தப் பளபளப்பான புதுத் தகரத்தில் ஓங்கி ஓங்கி வெட்டினேன். உள்பலகை பிளந்ததும் புகை என் முகத்தில் அடித்தது. ஓட்டைக்குள் கையை விட்டேன். தகரம் முழங்கை வரை கிழித்தது. சாவி கிடைத்தது. திருகினேன்.

இன்ஜின் நின்றது. எனக்குப் பயம் அப்போதுதான் முழுதாக வந்தது.

கார்வின் டிராக்டரால் பெட்டியை இழுத்து, கதவைத் திறந்து, நாங்கள் அவனை வெளியே போட்டபோது பனி விழ ஆரம்பித்திருந்தது. முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாகத் தெரிந்தது. இன்ஜின் புகை ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் சிவக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கன்னத்தில் அறைந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"இன்ஜினை ஏன் நிறுத்தின?" என்றான்.

நான் சிரித்தேன். அழுதுகொண்டே, வாய்விட்டுச் சிரித்தேன். கார்வினும் சிரித்தான். கிழவன் பிழைத்துவிட்டான், அதே திமிருடன் பிழைத்துவிட்டான் என்று அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

"நிறுத்தலேன்னா செத்திருப்ப, கழுதை."

"ஓ," என்றான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மறுபடி என் கையைப் பிடித்தான். "இன்ஜினை ஏன் நிறுத்தின?"

இன்று காலை காப்பி ஊற்றும்போதும் கேட்டான். அன்று விழுந்த பனியெல்லாம் உருகிவிட்டது, இது ஏப்ரல் மாதம். நான் சொன்னேன். "ஓ" என்றான். கோப்பை காலியாவதற்குள் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன்.