ஒற்றைக் காது ஹெட்செட்

லாட்ஜின் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அடுப்பு மெக்கானிக்கிடம், முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "உங்க மாமியாருக்கு முழங்கால் வலி இப்ப தேவலையா?" என்று விசாரித்தார்.

மெக்கானிக்குக்கு நுரை தொண்டையில் இறங்கிவிட்டது. இருமி முடித்துத் திரும்பினால், மாடிப்படியில் நின்ற மேனேஜரம்மா, "உங்க வீட்ல ஜன்னலுக்குப் பச்சைத் திரையே வாங்கச் சொல்லுங்க சார். வெள்ளை ஒரே வாரத்துல அழுக்காயிடும்" என்றார்.

பேக்கரிகளில் இருக்கும் பெரிய மின் அடுப்புகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமைதான் வீடு. அடுப்புக் காற்றாடிகளின் இரைச்சலுக்கு நடுவே இருபது வருடம் கத்திப் பேசிய தொண்டை அது. ரகசியம் சொன்னாலும் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அந்த லாட்ஜில் வைஃபை வராந்தாவில் மட்டும்தான் எட்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, மனைவியோடு ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார். மாடி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் வாயில் "ம்", "சரி" இரண்டைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடுமா? எம்மேல என்ன கோபம்?"

"கோபம்லாம் இல்ல. நேர்ல சொல்றேன்."

சனிக்கிழமை நேரில் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், அவர் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடுங்க. நாளைக்குக் கடைக்குப் போவோம்" என்றாள்.

கடையில் இருந்த பெண், காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றை அவர் தலையில் மாட்டிவிட்டாள். "வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது சார்." அவருக்கும் பிடித்துப்போனது. வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமையே மானம் போயிற்று. அவர் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் மேனேஜரம்மா. "என்ன சார், யார்கூடவாவது சண்டையா? தெருமுனை வரைக்கும் கேக்குது."

இதைக் கேட்டதும் மனைவி, கால் சென்டரில் வேலை பார்க்கும் தன் அண்ணியைப் பிடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி பை நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினாள்.

"ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டா நம்ம குரல் நமக்கே கேக்காது தம்பி. கேக்கலேன்னா தன்னால கத்துவோம். எங்க ஆபீஸ்ல முப்பது பேர் ஒரே ஹாலுல பேசறோம். யாராவது கத்தறோமா?"

"அக்கா, அது உங்க தொண்டை. இது என் தொண்டை."

"பாத்துடுவோம்" என்றாள் மனைவி.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். எத்தனையோ பேர் மூக்கின் மேல் வில்லை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவள். அவரைச் சமையலறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். தான் போனோடு படுக்கையறைக்குள் போனாள். நடுவில் ஹாலில் அண்ணி. கதவைத் தாண்டி மெக்கானிக்கின் குரல் அண்ணி காதில் விழுந்தால் அந்தக் கருவி தோற்றது என்று பேச்சு. படிப்பதற்கு ஓர் அடுப்பின் கையேட்டைக் கொடுத்தார்கள்.

முதலில் காதுக்குள் செருகும் வயரில்லாத குமிழ்கள். "கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கவும்" என்று அவர் படித்த வாக்கியம் மனைவியின் போனுக்கு அரை விநாடி தாமதமாக வந்து, லாட்ஜ் இரைச்சலுக்குப் பதிலாக மிக்ஸியைப் போட்டதும் பாதி காணாமல் போனது. அண்ணிக்கோ முழுசாகக் கேட்டது. அடுத்து சாதாரண வயர் இயர்போன். மைக் சட்டைப் பொத்தானில் உரசிக் கரகரத்தது.

மூன்றாவது, அண்ணியின் ஆபீஸில் எல்லோரும் மாட்டுவது. ஒரு காதுக்கு மட்டும் மெத்தை. மற்றது திறந்தே இருக்கும். வாயோரம் வரை வளைந்து வரும் சின்னக் குச்சியில் மைக்.

"மெதுவாப் படிங்க" என்றாள் மனைவி. "இன்னும் மெதுவா. இன்னும்."

"இதுக்கு மேல மூச்சுதான் விடணும்."

"இது, இதுதான்! மிக்ஸியும் ஓடட்டும். அண்ணி, கேக்குதா?"

"மிக்ஸிதான் கேக்குது" என்றாள் அண்ணி.

சோதித்தது அண்ணியின் போனில். அந்த ஹெட்செட் வயர் அவர் போனில் நுழையாததால் ஒரு குட்டி இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. வராந்தா பெஞ்சுக்கு முழுக்குப் போட, கையடக்க வைஃபை பெட்டி ஒன்றும் வாங்கினார்கள். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டால் கட்டிலில் சாய்ந்துகொண்டே பேசலாம்.

திங்கட்கிழமை வேறு ஊர், வேறு லாட்ஜ். ஏழு மணிக்கு மனைவியின் போன் அடித்தது.

"நான்தான்" என்றது ஒரு குரல்.

அவளுக்குத் திக்கென்றது. "என்னாச்சு? உடம்புக்கு முடியலையா? ஏன் ஒரு மாதிரி பேசறீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். மெதுவாப் பேசறேன், அவ்வளவுதான்."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலை அவள் இப்படிக் கேட்டதில்லை. லேசான கரகரப்போடு, அவள் காதோரத்தில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. அன்று கழற்றிய அடுப்பில் எரிந்துபோன சூட்டுக் கம்பிச்சுருளைப் பற்றிச் சொன்னார். அவள் கடைக்கு வந்த ஒருவர் தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடி தேடிய கதையைச் சொன்னாள். அவர் சிரிப்புகூட மெதுவாகத்தான் வந்தது.

சிரித்து முடித்ததும் அவர் கூப்பிட்டார்.

"கண்ணு."

"சொல்லுங்க."

"சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வராத, எதுக்கு வீண் அலைச்சல்னு எப்பவும் சொல்வேன்ல?"

"ஆமா."

"அது சும்மா சொல்றது. நீ வந்து நின்னா எனக்கு நல்லா இருக்கும்."

"இத்தனை வருஷம் இதைச் சொல்ல என்ன கேடு?" என்று கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"எப்படிச் சொல்றது? என் தொண்டைக்கு இதெல்லாம் சொன்னா ஊரே திரும்பிப் பாக்கும்."

சனிக்கிழமை அவள் கடையில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். பஸ் நாற்பது நிமிஷம் தாமதம். கடைசி ஆளாக அவர் இறங்கினார். ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் காகிதம் சுற்றிய ரொட்டி. கடைசியாகச் சரிசெய்த அடுப்பில் முதலில் வெந்தது அது. வழியெல்லாம் மடியில் இருந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் படிக்கட்டுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டார்.

"வழிய விடுங்க சார்" என்றார் கண்டக்டர்.

வீட்டுக்குப் போக அவசரமில்லை என்று இருவருக்கும் தோன்றியது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நசுங்காத பக்கத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள்.