துண்டுக்குள் இருந்த கை

அப்பாவோடு நான் மாட்டுத்தாவணிக்கு, மாடு விற்கிற சந்தைக்கு, போனது மொத்தம் நான்கு தடவை. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. முதல் மூன்று வருஷமும் நாங்கள் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. சும்மா பார்க்கப் போனோம். நான்காவது வருஷம், 2001 பங்குனியில், செவலைக் காளையோடு போய் அது இல்லாமல் திரும்பினோம். அதை விற்றது நான்.

இதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னுமாகச் சொன்னால் எனக்குப் பதற்றம் வந்துவிடும்.

எங்கள் ஊர் தேவதானம். தாவணி கூடியது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள். அங்கே அப்பா ஓரிடத்தில் நிற்க மாட்டார். ஒரு காளையின் வாயைத் திறந்து பல் பார்ப்பார், பாதியில் விட்டுவிட்டு அடுத்ததன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், கயிற்றுக் கடைக்குப் போவார், லாடம் அடிக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார், மறுபடி முதல் காளைக்கே வருவார். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். எனக்குப் பிடித்தது வேளாண்மைத் துறைப் பந்தல். கண்ணாடிப் பாட்டில்களில் பூச்சிகளை மிதக்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒரு வருஷமாவது எல்லாப் பேரையும் வாசித்து முடித்துவிட வேண்டும் என்று நினைப்பேன். நாலாவது பாட்டிலைத் தாண்டியதில்லை. அதற்குள் அப்பா நகர்ந்திருப்பார்.

எங்களிடம் இருந்தது சாம்பல் நிற மயிலை, செந்நிறச் செவலை என்று ஒரு ஜோடி. அந்தத் தை மாசம் மயிலை அவிழ்த்துக்கொண்டு போய், யாருடைய இளஞ்சோளத்திலோ வாய் வைத்து, வயிறு ஊதிச் செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்து ஏர் கட்ட முடியாது. உழைக்காத மாட்டுக்கு எத்தனை நாளைக்குத் தட்டை அறுத்துப் போடுவது என்று அம்மா கேட்டாள். விற்றுவிட்டு, எல்லாரையும்போல டிராக்டர் கூப்பிட்டு உழுதுகொள்ளலாம் என்பது அவள் கட்சி. செவலைக்கு ஒரு ஜோடி பார்க்கலாம் என்பது அப்பாவின் கட்சி. ஆனால் அவர் தன் கட்சியிலேயே நிற்கவில்லை. காலையில் ஜோடி வாங்குவதாக இருப்பார், சாயங்காலம் விற்பதாக இருப்பார். சாப்பிடும்போது சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாவணிக்கு முதல் நாள் நான் நேராகவே கேட்டேன். ஜோடி கிடைக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறோம் என்றார். கிடைக்கவில்லை என்றால் என்று கேட்டதற்கு, தூங்கச் சொன்னார்.

தாவணியில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவரின் வலது கைமேல் போர்த்துவார். துண்டுக்குள் தன் கையையும் விடுவார். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள்தான் தெரியும். உள்ளே விரல்கள் பேசிக்கொள்ளும். மூன்று வருஷம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அப்பாவின் வலது கை துண்டுக்குள் போனால் செவலை போய்விடும். இடது கையால் யாரும் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள் என்பதையும் கவனித்து வைத்திருந்தேன்.

ஆகவே டெம்போவிலிருந்து இறங்கியதும் அப்பாவின் வலது கையைப் பிடித்தேன். பிடித்தது காலை ஏழு மணிக்கு.

செவலையின் கயிறு அவருடைய இடது கையில், நான் வலது கையில். அப்படியே சுற்றினோம். முதலில் பார்த்த காளை செவலையைவிட ஒரு சாண் குட்டை. நுகத்தடி சாயும் என்று அப்பா தலையை ஆட்டினார். இரண்டாவது உயரம் சரி, ஆனால் நடை வேகம். மூன்றாவது எல்லாம் பொருந்தியது. பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும் செவலை அதை முட்டித் தள்ளியது. இன்னொரு தடவை நிறுத்திப் பார்க்கலாம் என்று நான் கெஞ்சினேன். நிறுத்தினோம். மறுபடியும் முட்டியது.

அப்பா டீயை இடது கையால் குடித்தார். அதற்காகக் கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டார். எங்களோடு டெம்போவில் வந்த பக்கத்து வீட்டுச் சிவனாண்டி மாமா இதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே சுயம்பு, நாளைக்கு இவளக் கட்டிக் குடுத்தா, மாப்பிள்ள வீட்டுக்கு நீயும் சேந்துல்ல போகணும் போலுக்கு."

"அங்ஙன மூணு வேளையும் சோறு போட்டாம்னா போறேன்" என்றார் அப்பா. ஆனால் கையை உருவவில்லை.

பதினோரு மணிக்கு எனக்கு ஒன்றுக்கு வந்தது. போக வேண்டுமானால் கையை விட வேண்டும். விடவில்லை. கால்களை மாற்றி மாற்றி நின்றேன். பந்தல் பக்கம் போய்ப் பூச்சி பார்த்துவிட்டு வா என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றேன். மத்தியானம் எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அவரும் பசிக்கவில்லை என்றார்.

இரண்டு மணி வாக்கில் தரகர் தனுஷ்கோடி வந்தார். அவரோடு ஆலங்குளத்துக்காரர் ஒருவர். அவருடைய ஜோடியிலும் ஒன்று செத்துப்போய், மிஞ்சியது ஒரு செவலையாம். அதையும் கூட்டி வந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். காலையிலிருந்து யாரையும் சேர்க்காத எங்கள் செவலை அதன் கழுத்தை நக்கியது. ஒரே உயரம், ஒரே நிறம். சுற்றி நின்றவர்கள் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்தக் காளையை நமக்குக் கேளுங்கள் என்று அப்பாவின் கையை இழுத்தேன். அப்பாவும் கேட்டார். ஆலங்குளத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, தான் விற்க வரவில்லை, வாங்க வந்திருப்பதாகச் சொன்னார்.

தனுஷ்கோடி துண்டை எடுத்தார்.

"செத்த நேரம் கைய விடு தாயி" என்றார் அப்பா.

நான் விடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கூட்டம் சிரித்தது. அப்பா செவலையைப் பார்த்தார், கண்மாய்க் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலுவாக உதறினால் என் கை கழன்றிருக்கும். உதறவில்லை.

"அப்படியே போடுங்கண்ணே" என்று, என் கையோடு சேர்த்துத் தன் கையை நீட்டினார்.

துண்டு விழுந்தது. உள்ளே சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது. தனுஷ்கோடியின் விரல்கள் காய்த்துப்போய், மரப்பட்டை மாதிரி இருந்தன. அவை தடவிக்கொண்டு வந்து என் விரல்களில் தட்டி நின்றன. இவை என்னைத் தாண்டி அப்பாவின் கைக்குப் போய்விடக் கூடாது என்று மட்டும்தான் எனக்கு ஓடியது. ஒரு கையை எடுத்து, அவற்றை அப்படியே சேர்த்து, எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவு பலத்தோடு இறுக்கிப் பிடித்தேன். கை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

தனுஷ்கோடி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சது" என்றார்.

ஆலங்குளத்துக்காரர் புதுக் கயிறு கட்டினார். எங்கள் கயிற்றை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தார். செவலை மற்றதன் பக்கத்தில் அடி வைத்து நடந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது அப்போதுதான்.

டெம்போவில் வரும்போது சிவனாண்டி மாமா விளக்கம் சொன்னார். தரகர் எத்தனை விரலைக் கொடுக்கிறாரோ அதுதான் விலை. சம்மதமில்லை என்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். சம்மதம் என்றால் இறுக்கி ஒரு பிடி. பிடித்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. "நீதானத்தா வியாபாரத்தை முடிச்சு வச்சவ" என்று என் தலையைத் தட்டிச் சிரித்தார். அப்பா மறுபக்கம் திரும்பி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். மறுக்கவில்லை.

வீட்டில் அம்மா கேட்டதற்குக் கொடுத்தாச்சு என்று மட்டும் சொன்னார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. மறு வருஷம் தாவணிக்கு என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. என் கையை நம்பி இனி எங்கே கூட்டிப் போவது என்று அவர் முடிவு செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. ராஜபாளையத்தில் குடியிருக்கிறேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் ஆபீஸ் வேலை. சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை வாசிப்பேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். என் வீட்டுக்காரர் எந்தச் சாமான் வாங்கக் கேட்டாலும் சரி என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆகும். காரணம் கேட்பார். செவலையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

போன மாசம் அப்பா போன் செய்தார். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேளாண் கண்காட்சி போட்டிருக்கிறார்களாம், வாரியா என்று கேட்டார். இருபத்துநான்கு வருஷத்தில் முதல் தடவை. லீவு போட்டேன்.

எழுபத்தொரு வயதிலும் அவர் நடை மாறவில்லை. மருந்தடிக்கிற டிரோனைப் பார்த்தார், பாதி விளக்கத்தில் சோலார் பம்புக்குப் போனார், களை எடுக்கிற மெஷினின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மறுபடி டிரோனுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். கேட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்தே தீர்மானித்து வந்திருந்தேன். ஒவ்வொரு கடையிலும் வாய் வரைக்கும் வந்தது, அவர் நகர்ந்துவிட்டார். கடைசியில் தேங்காய் உரிக்கிற மெஷின் முன்னால் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்பா, செவலைய வித்தது நான்தான?"

அவருக்கு முதலில் எந்தச் செவலை என்று விளங்கவில்லை. தாவணி, துண்டு, தனுஷ்கோடி, நான் பிடித்த பிடி எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் சத்தத்தில் சில வார்த்தைகளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முழுதும் கேட்டார். அத்தனை நேரம் அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

"உன் கைக்கு மேல யாரு கை இருந்துச்சு?" என்று கேட்டார்.

"உங்க கை."

"பொறவு? ஒன்பது வயசுப் பிள்ள புடிச்சதுக்குத் தனுஷ்கோடி மாட்டை முடிச்சிருவானா? உன் விரலு தட்டுப்பட்டதுமே அவன் நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்தான். நான்தான் உன் கையையும் சேத்து அமுக்குனேன்."

இவர் எனக்காகச் சொல்கிறார் என்று தோன்றியது. அப்படியே சொல்லியும்விட்டேன். எனக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம், நான் சின்னப் பிள்ளை இல்லை என்றேன்.

அப்பா கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று கண் சிவந்துவிட்டது.

"ஏட்டி, என் மாட்டை நான் வித்தேன். ரெண்டு மாசம் உறங்காமக் கெடந்து, கடைசில நான் வித்தேன். அத நீ வித்தேன்னு இம்புட்டு வருசமாத் திரிஞ்சியாக்கும்?"

மெஷின் விற்கிற ஆள் எங்களைப் பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்தினார். "அமுக்குனதுல உனக்கு வலிச்சிருச்சு. நான் கண்ணால பாத்தேன். அந்தக் கோவத்துலதான் நீ மறு வருசம் வரலன்னு இருந்தேன்."

நீங்கள் கூப்பிடவில்லையே என்றேன். நீ கேட்கவில்லையே என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். தேவதானம் பஸ் ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நிம்மதி வரும் என்றுதான் நானும் நினைத்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் என்னுடையது என்று வைத்திருந்ததை, தேங்காய் உரிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றபடி அவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பிடுங்கியது உண்மையிலேயே அவருடையதா என்றும் தெரியவில்லை. வலி எங்கே இருந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உள்ளங்கையில் என்றால் பிடித்தது நான். புறங்கையில் என்றால் அமுக்கியது அவர். ஆபீசில் சரக்குச் சீட்டை நீட்டினால் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன். வலித்தது நினைவிருக்கிறது, பக்கம் நினைவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தேவதானம் போகிறேன். அம்மா தோட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்து அவரிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும். முதலிலிருந்து, வரிசையாக, தனுஷ்கோடி துண்டை எடுத்ததிலிருந்து சொல்லச் சொல்ல வேண்டும். அன்று சொன்ன மாதிரியே சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.