நீர்யானை இன்னும் வெளியே வரவில்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதை மட்டும் கடைசி வரை கேட்காதீர்கள்.

(இதை எழுதுகிறவள் தன்னை ‘அவள்’ என்றே சொல்லிக்கொள்ளப் போகிறாள். ‘நான்’ என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியிலேயே மூக்கை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் தள்ளி நின்று கிண்டலடிக்கலாம்.)

அவளுடைய தொழில் விலங்குகளை அழவைப்பது. பயமுறுத்துவது, கோபப்படுத்துவது, பிறகு கடைசிப் பக்கத்தில் சமாதானப்படுத்தி அனுப்பிவைப்பது. சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று சொல்ல வாய் வராத பிள்ளை, ‘முயலுக்குப் பயமா இருக்கு’ என்று தாராளமாகச் சொல்லும். அந்த ஒரு சூட்சுமத்தில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. பயத்துக்கு முயல், அழுகைக்குக் கரடி, வெட்கத்துக்கு ஒட்டகச்சிவிங்கி (ஒளிந்துகொள்ள இடமே கிடைக்காது, பாவம்). எல்லாமே நன்றாக விற்றன. அடுத்தது பொறாமை என்றார் பதிப்பகத்து ஆசிரியை.

அதே சமயத்தில்தான் வீட்டில் சின்னவன் பிறந்தான். நான்கு வயது மகள் ஒரே நாளில் ‘பெரியவள்’ ஆகிப்போனாள்.

2

முதல் தொடக்கம்: “தம்பி வீட்டுக்கு வந்த அன்று பெரியவளின் உலகம் தலைகீழாக” –

[வேண்டாம். எதுவும் தலைகீழாகவில்லை. அன்று பெரியவள் ஒரு முழு ஆப்பிளைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள்.]

இரண்டாம் தொடக்கம்: “உடன்பிறந்தோரிடையே தோன்றும் பொறாமை குழந்தை வளர்ச்சியின் இயல்பான ஒரு” –

[நீங்கள் எழுந்து போகிற சத்தம் இங்கே கேட்கிறது. உட்காருங்கள், உட்காருங்கள்.]

மூன்றாம் தொடக்கம், நடந்தது நடந்தபடி: பெரியவள் தங்கமான பிள்ளை. டயப்பர் எடுத்துக் கொடுப்பாள். சின்னவன் தூங்கினால் பூனை மாதிரி நடப்பாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், “என்ன பொறுப்பு! பொறாமையே இல்ல பாருங்களேன்” என்று மெச்சிவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு விஷயம். அம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“பாப்பாவோட அம்மா, தண்ணி வேணும்.”

“பாப்பாவோட அம்மா, என் இன்னொரு சாக்ஸ் காணோம்.”

கோபம் கிடையாது, குத்தல் கிடையாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்பதுபோல அவ்வளவு மரியாதை. முதல் தடவை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பாவோட அம்மாவும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை, வலித்தது. அந்தப் பழைய சொல்லைத் திரும்பக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்தப் புத்தகத்தில் இறங்கினாள். பதிப்பகமெல்லாம் அப்புறம்.

3

புத்தகத்தின் கதை இவ்வளவுதான். குட்டி நீர்யானைக்கு அம்மாவின் முதுகுதான் வீடு.* ஒருநாள் பார்த்தால் அந்த முதுகில் புதுசாக இன்னொரு குட்டி. குட்டி நீர்யானை அழவில்லை. “பரவால்ல” என்றது. தண்ணீருக்குள் போய்விட்டது. அடுத்த பக்கம் முழுக்கக் குமிழி. அதற்கடுத்த பக்கத்தில் இன்னும் பெரிய குமிழி. கடைசிப் பக்கத்தில் மேலே வந்து, தம்பிக்கு ஒரு முத்தம் கொடுத்து, எல்லோரும் சிரித்து, சுபம்.

* முதலில் பூனையாகத்தான் இருந்தது. படம் வரைகிற தோழி, “பூனை வரைஞ்சு வரைஞ்சு எனக்கே மீசை முளைச்சிடும் போலிருக்கு” என்றாள். நீர்யானை என்றதும் குஷியாகிவிட்டாள். பாதிப் புத்தகத்துக்குக் குமிழி வரைந்தால் போதுமே.

4

தோழியின் பென்சில் படங்களை வைத்துத் தைத்த மாதிரிப் பிரதி. அதை எடுத்துக்கொண்டு அவள் சாப்பாட்டு மேசை பக்கம் போனாள். பெரியவளுக்கு இப்போதெல்லாம் மேசைக்கு அடியில்தான் குடித்தனம். அவள் வெளியே தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை உள்ளே நீட்டி வாசித்தாள். பெரியவள் கண் கொட்டாமல் கேட்டாள். குமிழிகளை விரலால் ஒவ்வொன்றாக உடைத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பப் போகும்போது உள்ளங்கையை வைத்துப் பட்டென்று மூடினாள்.

“போதும்.”

“இன்னும் ஒரு பக்கம் இருக்குடா.”

“முதல்ல இருந்து.”

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

5

முடிவு பிடிக்கவில்லை போல என்று அவள் முடிவை மாற்றினாள். அம்மா நீர்யானை மன்னிப்புக் கேட்டது. பெரியவள் கையை வைத்து மூடினாள். இரண்டு குட்டிகளும் முறைபோட்டு முதுகில் ஏறின. மூடினாள். அவளுடைய வீட்டுக்காரர் சோபாவில் கிடந்தபடி, “ஏன், அப்பா நீர்யானைக்கு முதுகு கிடையாதா?” என்று கேட்க, அதையும் எழுதிப் பார்த்தாள். அதற்கும் அதே கதிதான்.

பிறகுதான் உறைத்தது. பெரியவள் எந்த முடிவையும் பார்த்ததே கிடையாது! பிள்ளை கண்ணால் பார்க்காத பக்கத்தை ஒருத்தி உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாள்.

பதிப்பகத்து ஆசிரியையோ போனில் விடவில்லை. “கடைசிப் பக்கத்துல ஒரு சிரிப்பு இருந்தாகணும். அம்மாங்க கடையில அதைத் திருப்பிப் பாத்துதான் வாங்குறாங்க.”

“குழந்தைங்க?” என்று கேட்டாள் அவள்.

“குழந்தைங்க எங்க வாங்குறாங்க?” என்றார் ஆசிரியை.

6

ஒரு சந்தேகம். இந்தப் பெரியவள் என்கிற பாத்திரம் கொஞ்சம் ஓவராக இல்லையா? கதைகளில் வரும் பிள்ளைகள் சரியான நேரத்தில் வாயைத் திறந்து முத்து உதிர்ப்பார்கள். பெரியவர்கள் உடனே திருந்துவார்கள். உங்களுக்கு அந்தப் பயம் வந்திருக்கும், நியாயம்தான். அதனால் சொல்லிவிடுகிறேன்: இதே பெரியவள் போன வாரம் டிவி ரிமோட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். மூக்கில் பாசிமணியைப் போட்டுக்கொண்டு மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு ஓடவிட்டாள். ஞானி எல்லாம் இல்லை. சாதாரணப் பிள்ளை.

[மேலே ‘சொல்லிவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கக் கூடாது. அவள் என்றுதானே பேச்சு. சரி, இருக்கட்டும்.]

7

கடைசியில் அவள் கேட்டேவிட்டாள். ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம். படப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விலங்கு வழியாகவே கேட்டுக் கேட்டு, நேராகக் கேட்பது மறந்துவிடுகிறது.

“ஏண்டா எப்பவும் இங்கயே மூடிடற? அடுத்த பக்கத்துல நீர்யானை வெளிய வந்துடும்.”

“தெரியும்.”

“வெளிய வந்தா சந்தோஷம்தானே?”

பெரியவள் கையை எடுக்கவில்லை. “அது வெளிய வந்துட்டா கதை முடிஞ்சிடும். நீ எழுந்து பாப்பாகிட்ட போயிடுவ.”

முத்தெல்லாம் உதிரவில்லை. சாக்ஸைக் காணோம் என்று சொல்கிற அதே குரல். இத்தனை விலங்குகளைத் தேற்றி அனுப்பியவள் வேறு வழி தெரியாமல் குனிந்து, மேசைக்கு அடியில் நுழைந்தாள். நங்கென்று தலையில் இடித்துக்கொண்டாள். “ஆ” என்றாள்.

“பேசக் கூடாது. தண்ணிக்குள்ள இருக்கோம்” என்றாள் பெரியவள்.

அவள் கன்னத்தை உப்பவைத்துக் குமிழி விட்டாள். பெரியவள் அதைவிடப் பெரிய குமிழி விட்டாள். இரண்டு பேருக்கும் எச்சில் வழிந்தது. முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

(அந்தப் பக்கம் புத்தகத்தில் இப்போது இருக்கிறது. அம்மா நீர்யானையும் உள்ளே போகிறது. இரண்டு வரிசைக் குமிழி. யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் போன் வரும்.)

8

அப்போது உள்ளறையில் சின்னவன் அழுதான்.

வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து கத்தினார்: “தலையெல்லாம் சோப்பு! ரெண்டு நிமிஷம், வந்துட்டேன்!”

மேசைக்கு அடியில் யாரும் அசையவில்லை. அழுகை கொஞ்சம் ஏறியது. பெரியவள் அழுகை வந்த பக்கம் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்து, விரலால் அவள் முழங்காலைத் தட்டிக் கூப்பிட்டாள்.

முதல் முடிவு: “பாப்பாவோட அம்மா, பாப்பா அழறான்.”

இரண்டாம் முடிவு: அதே வாக்கியம்தான், முதலில் இருக்கிற ஒரு சொல்லைத் தவிர.

மூன்றாம் முடிவு: அவள் எழுந்து போனபோது, கூடவே இன்னொரு ஜோடிக் கால்களும் –

இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை எழுதச் சொல்லாதீர்கள். இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், மேசைக்கு அடியில், என் முழங்காலில் பெரியவளின் விரல் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டால் நான் எழுந்து போக வேண்டியிருக்கும்.